பேராயர் டியூஷன் எடுத்த கதை

அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. அமெரிக்கர்களின் ஆங்கிலிக்கன் சர்ச் ஒன்றில், அவர்கள் ஆராதனை முடிந்து போனபின், ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு இடம் தந்திருந்தார்கள். அந்த சர்ச்சின் ஆண்டு விழாவுக்கு எங்கள் சண்டே ஸ்கூல் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். திருச்சபை வரலாற்றிலிருந்து ஆளுக்கொருவராக வேஷம் போட்டுப் பேச வேண்டும். மற்றவர்களுக்குச் சிங்கத்திடம் சிக்கியவர், தீயில் வெந்தவர் என்று நல்ல நல்ல ஆட்களாகக் கிடைத்தார்கள். ஒன்பது வயதான எனக்குக் கிடைத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பேராயர். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. நன்றாகச் சாப்பிட்டு, வயதாகி, படுக்கையில் இறந்தார்.

மளிகைக்கடைக்காரர் மகன், படிப்பில் கெட்டி, பிரபு ஒருவரின் மகனுக்கு வீட்டு வாத்தியார், பிறகு சின்னத் திருமண்டலத்துக்குப் பேராயர், அப்புறம் பெரிய திருமண்டலத்துக்கு. மொத்தக் கதையே இவ்வளவுதான். வீட்டு வாத்தியார் எப்படிப் பேராயரானார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

“பெரிய இடத்துப் பையனுக்கு ஓசியில டியூஷன் எடுத்தா, அவங்க அப்பா நமக்கு ஒரு வழி பண்ணமாட்டாரா?”

தலையணை உறைகளைப் பிரித்து என் பேராயர் அங்கிக்கு வெள்ளைக் கைகள் தைத்துக்கொண்டிருந்த அம்மா, “நீங்க சனிக்கிழமை எடுக்கியளே, அது மாதிரியா?” என்றாள்.

“ஆமா, அதேதான்னு வச்சுக்கோ.” இருவரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமைதோறும் அப்பாவின் மேனேஜருடைய மகன் கணக்குப் படிக்க வருவான். அப்பாவின் விசா அடுத்த வருஷத்தோடு முடிகிறது, அதற்குள் கம்பெனி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்காவிட்டால் திருநெல்வேலிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான், மேனேஜர் மனது வைக்க வேண்டும். வீட்டில் எந்நேரமும் இதே பேச்சு. எனக்கு உறைத்ததெல்லாம், சனிக்கிழமை மட்டும் அப்பா எனக்குக் கிடைக்கமாட்டார் என்பதுதான்.

விழாவுக்கு மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர்கள் போகிற சர்ச்சே அதுதான். பஞ்சில் செய்த விக் தலையை அரிக்க, மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடித்தேன். அவர்களுடைய போதகர் கனிவாக ஒரு கேள்வி கேட்டார். ஒரு வாத்தியார் எப்படிப் பேராயரானார்?

எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. பெரிய மனிதரின் மகனுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்தார், பெரிய மனிதர் பதவி வாங்கித் தந்தார் என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னேன். எங்கள் அப்பாவும் கிரீன் கார்டுக்காக அவருடைய பாஸ் மகனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்றேன். விளங்காதவர்களுக்காக அந்தப் பையன் இருந்த வரிசையையும் கைநீட்டிக் காட்டினேன்.

சர்ச்சே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார், முகம் மட்டும் சிவந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை பையன் வரவில்லை. மேனேஜர்தான் போன் செய்தார். அப்பா நின்றுகொண்டே கேட்டார். ஆபீசில் இதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதாம், இந்த நேரத்தில் தன்னால் சிபாரிசு செய்ய முடியாதாம். அப்பா அதை அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

அவன் இனிமேல் வரமாட்டானா என்று கேட்டேன்.

“வரமாட்டான்மா. இனிமே சனிக்கிழமை ஃபுல்லா நீயும் நானும்தான்.”

நான் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அம்மா அடுக்களையில் அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவு நல்ல சேதிக்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு அம்மாமேல் கோபமாக வந்தது.