அட்டையில் அடித்த இரண்டு சொற்கள்

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறையும் இன்று, திருப்பலிக்கும் சாப்பாட்டுக்கும் வந்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் மகளின் வணக்கம். இந்த மலரின் அட்டையில், அப்பாவின் படத்துக்குக் கீழே, இரண்டு சொற்கள் பேனாவால் அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சகத்தார் மேல் தவறில்லை. எழுதிக் கொடுத்தது நான்.

அப்பா திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, ஐ.டி.ஐ. முடித்து, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அண்ணனும் நானும் குவார்ட்டர்ஸில் பிறந்தோம். ஓய்வு பெறுவதற்கு முன்பே பட்டாபிராமில் சொந்த வீடு கட்டிவிட்டார். பகட்டு அறியாதவர். சின்னப் பிள்ளைகளைக் கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார்.

அவருக்கு இருந்த ஒரே பழக்கம் கதை. வார இதழ்களில் வந்த சரித்திரத் தொடர்களைச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்களுக்குப் படித்துக் காட்டுவார். எனக்குப் பிடித்தவர்கள் எல்லாம் குதிரையில் வந்து மதில் தாண்டுகிறவர்கள். சொன்ன சொல் தவறாதவர்கள், விழுந்த எதிரியை வெட்டாதவர்கள், முக்கியமாக, பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். அப்பாவின் ஆள் வேறு. ஒரு கதையில் ஓலை கொண்டுபோகும் ஒருவன், காட்டில் சருகு சலசலத்தாலே வேர்த்துப் போவான். அந்த இடம் வந்தால் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“இவன்தாம்மா ஆளு. பயமே இல்லாதவன் போறதுல என்ன இருக்கு? இவன் பயந்துக்கிட்டே போறான் பாருங்க.”

“அவன் அடுத்த வாரம் வரமாட்டான்பா” என்று கிண்டல் செய்வேன்.

அப்பா பயந்த சுபாவம் உள்ளவர். இதை நினைவு மலரில் எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாய், இடி, ஊசி, சென்ட்ரலில் நகரும் படிக்கட்டு, எல்லாமே அவருக்குப் பயம். நாலு பேர் கையில் போகும் மலரில் அப்பாவை இப்படியா காட்டுவது என்று நினைத்து, ‘அஞ்சா நெஞ்சர் எங்கள் அப்பா’ என்று அட்டைக்கு எழுதிக் கொடுத்தேன். பூந்தமல்லி அச்சகத்தில் வண்ண அட்டையை முதலில் அடித்துவிடுவார்கள், உள் பக்கங்கள் பிறகுதான். அட்டைக் கட்டுகள் வீட்டுக்கு வந்த மாலை, உள் பக்கத்துக்கு அப்பாவைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எதிர் வீட்டு ரோசி அத்தையும் உட்கார்ந்திருந்தார்.

ஏரி உடைத்துக்கொண்டு எங்கள் தெருவில் வெள்ளம் புகுந்த வருடம், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் தனியாகப் படுத்திருந்த அத்தையை அப்பாதான் வெளியே கொண்டுவந்தார். அதை நான் ‘வெள்ளத்தில் புலியெனப் பாய்ந்தார்’ என்று எழுதியிருந்தேன்.

“யாரு பாப்பா இவரு?” என்றார் அத்தை. “அப்டி யாரும் பாயல. கேட்டுல கவுறு கட்டி, அத்தப் புடிச்சிகினு வந்தாரு உங்கப்பா. நீச்சல் தெரியாது. பல்லு தந்தி அடிக்குது. பாதி தூரம் வந்துட்டுத் திரும்பிப் பூட்டாரு. நான் ஜன்னல்ல பாத்துகினே கீறேன். அப்பால மறுபடி வந்தாரு. என்னத் தோள்ல சாச்சி இட்டாந்தப்போ, ‘பயப்படாத அண்ணாத்தே, நான் கீறேன்’னு நான்தான் சொல்லிகினே வந்தேன்.”

அம்மா மெதுவாகச் சொன்னார்: “திரும்பி வந்து படியில உக்காந்து அழுதாரு. தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு மறுபடி இறங்கினாரு. நீ இதை எழுதலையே?”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. படியில் உட்கார்ந்து அழுத அந்த மனிதரை மறைத்துவிட்டு, என் கதைப் புத்தகத்து வீரன் ஒருவனை அவர் இடத்தில் உட்கார வைத்திருந்தேன். அப்பா சொல்லிக் கொடுத்ததை ஞாயிறு தவறாமல் கேட்டவள் நான். ஆனாலும் அவரைப் பற்றி எழுதும்போது அவருடைய ஆளை விட்டுவிட்டு என்னுடைய ஆளைத்தான் தேடிப் போயிருக்கிறேன். எழுதியதை எல்லாம் அன்றே தூக்கிப் போட்டுவிட்டு இதை எழுதினேன்.

கடைசி நாட்களிலும் அவர் மாறவில்லை. ஸ்கேன் அறை வாசலில் அம்மாவின் கையை விடாமல், “ரொம்ப பயமா இருக்கும்மா” என்றார். பிறகு தானாகவே கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவரைத் தாங்கிப் பிடித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், பெட்டியைச் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று இந்த அட்டை உங்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தால் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைப் புதிதாக அடிக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் ஸ்கேல் பிடிக்க, ஒவ்வொரு பிரதியிலும் முதல் இரண்டு சொற்களை நானே பேனாவால் அடித்தேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“ஒண்ணும் எழுதாத. மிச்சம் இருக்கறதே போதும்.”

மிச்சம் இருப்பது, எங்கள் அப்பா.