அமைதியான பிள்ளை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'பெட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காலை பத்து மணிக்குப் போனைக் கையில் எடுத்தால், "உங்ககிட்ட ஒரு பெட் இருக்குமா?" என்று நாற்பது தடவையாவது கேட்டுவிட்டுத்தான் கீழே வைப்பாள். வீட்டில் வைத்துக்கொள்ள ஆளில்லாத குழந்தைகளைப் போலீசோ ஆஸ்பத்திரியோ கொண்டுவந்து அவள் மேசை முன்னால் நிறுத்திவிட்டுப் போகும். விவரம் கேட்டு, படிவம் நிரப்பி, எந்தக் குழந்தைகள் இல்லத்தில் ஒரு பெட் காலியாக இருக்கிறது என்று தேடி, மாலை ஐந்துக்குள் வண்டியேற்ற வேண்டியது அவள் பொறுப்பு. பதினொரு வருடமாக அதே மேசை, கைப்பிடி உடைந்த அதே நாற்காலி.

அவளிடம் ஒரு கைவித்தை இருந்தது. படிவத்தில் 'குழந்தையின் இயல்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'சுட்டி' என்று எழுதினால் போச்சு, எந்த இல்லமும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. 'அமைதியான பிள்ளை' என்று எழுதினாலோ அரை மணியில் இடம் கிடைத்துவிடும். அதனால் பாதிக் குழந்தைகள் அவள் பேனாவில் அமைதியானவைதான். மேசை மேல் ஏறி நின்று தொலைபேசி வயரைக் கடித்த ஒரு பயலைக்கூட அவள் அப்படி எழுதி அனுப்பியிருக்கிறாள்.

ஒரு நாள் வந்த அந்தச் சிறுமிக்கு அப்படிப் பொய்யே தேவைப்படவில்லை. ஆறு வயது. அம்மா இறந்த பிறகு ஒரு வருடம் சித்தப்பா வீட்டில் இருந்தது. "எங்களால முடியல" என்று சித்தப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலக ரெக்சின் சோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் குழந்தை வாயைத் திறக்கவில்லை. 'கண், காது பரிசோதனை' என்ற வரிக்கு வந்தபோது அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலரை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் நாளைக்குத்தான் ஆகும். அதற்குள் கிடைத்த இடம் போய்விடும். 'குறையில்லை' என்று எழுதிவிட்டு, கீழே 'அமைதியான பிள்ளை' என்று முடித்தாள்.

குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிய டிரைவர் சாவியைக் கொடுக்கும்போது, "அக்கா, வழியில ஹாரன் அடிச்சேன். பக்கத்துலயே உக்காந்திருக்கு, துள்ளக்கூட இல்ல புள்ள," என்றார்.

"பயந்து போயிருக்குண்ணே. நீங்க வேற!"

மூன்று வாரத்தில் முதல் இல்லம் திருப்பி அனுப்பியது. இரண்டாவது இல்லம் ஒன்றரை மாதம் பொறுத்தது. "நூறு தடவை கூப்பிட்டாலும் திரும்பாது. காது என்ன செவிடாடின்னு கேட்டா மொறைக்குது. உடம்பெல்லாம் திமிரு," என்று போனில் பொரிந்து தள்ளினாள் அந்த இல்லத்து வார்டன். திருப்பி அனுப்பிய காரணம் என்ற கட்டத்தில், இரண்டு தடவையும் 'அடம், கீழ்ப்படிவதில்லை' என்று எழுதியது அக்காவின் கைதான். இரண்டு தடவை திரும்பிய குழந்தை மூன்றாவதாகக் கட்டுப்பாட்டு இல்லத்துக்குத்தான் போக வேண்டும். உயரமான சுவர், இரும்புக் கதவு, பெரிய பிள்ளைகள். மறுநாள் மதியம் மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

குழந்தை வந்து அதே சோபாவில் உட்கார்ந்தது. அக்கா குனிந்து, "ஏன்டா செல்லம் இப்படிப் பண்ற? சொன்ன பேச்சு கேட்டா என்ன?" என்றாள். குழந்தை அவள் வாயையே பார்த்தது. பிறகு வலது கையை நீட்டியது. பிஸ்கட் கேட்கிறது போலிருக்கிறது என்று டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்துத் திரும்பினால், கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது. அது கேட்கிற கை இல்லை. ஸ்கேல் அடிக்கு நீட்டிய கை.

அக்கா பிஸ்கட்டை அந்தக் கையில் வைத்தாள். குழந்தையை இரவுக்கு அலுவலக ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அங்கே அவள் பெண் டிவி முன்னால் கிடந்தாள். "தட்டெடுத்து வைடின்னு எத்தனை தடவை சொல்றது? காது என்ன செவிடா உனக்கு?"

"கேக்குது, கேக்குது! ஏம்மா கத்தறே?"

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அந்த ஹாரன்! டிரைவர் அண்ணன் முதல் நாளே சொன்னாரே, பாவி, அவர் வாயை நான்தானே அடைத்தேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பெண் பயந்துபோய்த் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

காலையில் ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே குழந்தையோடு வாசலில் நின்றாள். பரிசோதனை இருபது நிமிடம்தான். இரண்டு காதுமே மந்தம், மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். இருபது நிமிடம்!

படிவத்தைத் திருத்திக்கொண்டு மேலதிகாரி முன்னால் வைத்தாள். 'அடம்' என்பதை அடித்துவிட்டு அவள் எழுதியிருந்தது: 'குழந்தை மேல் தவறில்லை. பரிசோதிக்காமலே குறையில்லை என்று நான் எழுதினேன். டிரைவர் எச்சரித்தும் கேட்கவில்லை.'

"என்னம்மா இது? பரிசோதனையில தெரிய வந்ததுன்னு போட்டா போதாதா? ஏன் நீங்களே தலையைக் கொடுக்கறீங்க?"

"அப்படிப் போட்டா பழசு தப்புன்னு ஆகாது, அடம்ங்கறது ஃபைல்ல அப்படியே இருக்கும் சார். அது அவ கூடவே வரும்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, கட்டுப்பாட்டு இல்லத்துக்கான தாளைக் கிழித்துப் போட்டார். பின்னால் அக்கா மேல் விசாரணை நடந்து எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அது அவளுக்குப் போதவில்லை. இன்னும் பெரிதாக ஏதாவது வந்திருக்கலாம் என்று பட்டது.

தாள் கிழிந்த அன்றைக்கே, முதல் தடவையாக உள்ளது உள்ளபடி சொல்லி இடம் தேடினாள். பதினொரு பேர் மாட்டேன் என்றார்கள். பன்னிரண்டாவது, தையல் வேலை செய்யும் ஒரு வளர்ப்புத்தாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல ரெண்டு மெஷின் ஓடுது, யாருக்குமே காது கேக்காது. அனுப்புங்கம்மா," என்றாள்.

காது மெஷின் வந்த அன்று, அதுவரை ஆயாவிடமே இருந்த குழந்தையை அங்கே விட அக்காவே கூடப் போனாள். கிளம்பும்போது டிரைவர் ஹாரன் அடித்தார். குழந்தை துள்ளி விழுந்து, பிறகு சிரித்தது. அவர் வழியெல்லாம் தேவையில்லாமல் அடித்துக்கொண்டே வந்தார், அக்கா திட்டவில்லை.

தையல்காரி வீட்டு வாசலில் அக்கா மண்டியிட்டு உட்கார்ந்தாள். மூன்று வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். "அக்கா உனக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேன்டா கண்ணு. நீ ஒரு தப்பும் பண்ணல. என்னை மன்னிச்சிடு."

குழந்தை கவனமாகக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் அதற்குக் கேட்டிருக்க வேண்டும். அக்கா பேசி முடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கையை நீட்டியது.