சவுக்காரமும் உம்மாவின் அலுமாரியும்

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்குத்தான். மாப்பிள்ளை வந்து அதில் குடியேறுவார். பெற்றவர்கள் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். எனக்கு மூத்தவள் ராத்தாவின் கலியாணத்துக்கு முதல்நாள் உம்மாவின் அலுமாரி பின்னால் போகவேண்டியிருந்தது. உம்மா பிறந்து வளர்ந்த வீடு அது. எனக்கோ, அன்று பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோசம்தான்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எதையும் விளக்காமல் செய்யமாட்டார். உடுப்புக்குப் போடும் புதுச் சவுக்காரக் கட்டி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் விரல் வைத்துத் தள்ளினார். ஈரத் தரையில் அது நின்றபடியே வழுக்கிக்கொண்டு போனது. பாயில் வைத்துத் தள்ளினார், குப்புற விழுந்தது. படுக்கவைத்தால் இரண்டிலும் சமர்த்தாகப் போனது. எனக்கு வாய் மூடவில்லை.

“வெளங்கிச்சா? அடி பிடிச்சா தலை கவிழும். அலுமாரிய வெறுமையாக்கிப் படுக்கப் போட்டு இழுப்பம்.”

“ஏலா. ஒண்டையும் எடுக்காம நிக்கிறபடியே கொண்டு போங்க” என்றார் உம்மா. அவர் பிடிவாதம் பிடித்து நான் கண்டது அன்றுதான். வாப்பா போய்ச் சாக்கு ஒன்றை நனைத்துக்கொண்டு வந்தார்.

அதை அடியில் விரித்து இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். வீட்டு மண்டபத்தின் வழவழப்பான தரையில் அலுமாரி ராசா மாதிரிப் போனது, நான் கைதட்டினேன். பின்வாசலைத் தாண்டியதும் சொரசொரத்த சீமெந்து. அடி நின்றது, தலை போனது. “அல்லாஹ்வே!” என்று வாப்பா துள்ளி விலகினார். மேல்தட்டில் இருந்த பெருநாள் பீங்கான்கள் அத்தனையும் சில்லுச் சில்லாய்ப் போயின.

“நான் சொன்னனா இல்லையா!” என்றார் மாமா. உம்மா வாசலிலேயே உட்கார்ந்து, துண்டுகளைப் பொறுக்கியபடி தேம்பித் தேம்பி அழுதார்.

எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்ச் சவுக்காரத்தைக் கொண்டுவந்து அந்தச் சொரசொரத்த சீமெந்தில் படுக்கவைத்துத் தள்ளினேன். “இஞ்ச பாருங்க உம்மா, படுக்க வெச்சா விழாது.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “ஓம் மகள், விழல்லதான்.”

இப்போது என் மகளுக்குக் கலியாண நாள் வைத்திருக்கிறார்கள். என் அலுமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். ஒரு சேலையைக்கூட வெளியே எடுக்க மனம் வரவில்லை. அன்று உம்மாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பீங்கானுக்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, இன்னொரு தடவை தள்ளிக் காட்டினேன்.