கேட்காமல் தூக்கினேன்

மொன்றியல் நகரின் வில்லரேப் பகுதியில் என்னோடு இருந்த தங்கை வதனிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஜப்பானுக்குப் போகும் ஆசையில் நூலகத்து ஒலிநாடாக்களைக் கேட்டு அந்த மொழியைப் படித்தாள். ஒரு கோடையில், நகரில் நடந்த ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறைக்குள் போனார்கள். நாற்காலிச் சக்கரம் பாயில் படக் கூடாது என்று நானே தீர்மானித்தேன்.

“அக்கா, பொறுங்கோ. நான் அவையிட்டை முதலே...” என்று வதனி தொடங்கினாள்.

“எல்லாரும் பாக்கினம். சும்மா இரு!” என்று அவளை அள்ளித் தூக்கிப் பாயில் இருத்தினேன்.

கையை எடுத்ததும் அவள் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். பாவாடை தொடைவரை ஏறியது. காலில் கட்டியிருந்த, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை கழன்று பாய் நனைந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒரு ஜப்பானியப் பெண், சக்கரங்களுக்குப் போடும் துணியுறைகளோடு உள்ளேயிருந்து வந்தார். வதனி முதல்நாளே தொலைபேசியில் கதைத்து ஒழுங்கு செய்திருந்தாளாம்.

அடுத்த ஆண்டு அவள் தோழியோடு ஜப்பானுக்குப் புறப்பட்டாள். “நானும் வரட்டோ?” என்றேன்.

“வேண்டாம் அக்கா. நீங்கள் திரும்பவும் என்னைத் தூக்குவியள்.”

இப்போது யாருக்கும் உதவும்முன், “நான் என்ன செய்யவேணும்?” என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன். வதனிதான் என்னிடம் எந்த உதவியும் கேட்பதில்லை.