அக்காவின் மடியில் அமெரிக்க இனிப்பு

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் என் வீட்டிலிருந்து பால் வாங்கப் போவதென்றால் பஸ் எடுக்க வேண்டும். கஞ்சா வாங்க வீதியைக் கடந்தால் போதும். ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் கொத்துரொட்டிக் கடை, நடுவில் பச்சை எழுத்தில் சாந்தமான பெயரோடு அரச அனுமதி பெற்ற கஞ்சாக் கடை. வாழ்வின் தேவைகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கித் தந்த நாடு இது. நன்றி மறக்கக் கூடாது.

என் அக்காவும் அந்த நன்றியோடுதான் இருந்தாள். அவளுக்கு முழங்கால் நோ. இரவில் நித்திரை இல்லை. அவளும் அத்தானும் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் ஒரு புதிய வீட்டில், முக்கால்வாசி வங்கிக்கும் கால்வாசி தங்களுக்குமாக, குடியிருக்கிறார்கள். அந்த வீட்டை இழுத்துக்கொண்டு போவது அத்தானின் லொறி. ரொறன்ரோவில் சாமான் ஏற்றி, அமெரிக்காவில் இறக்கி, அங்கே ஏற்றி, இங்கே இறக்கி, இருபது வருடமாக அதே எல்லைப் பாலத்தில் போய் வருகிறார். எல்லையை விரைவாகக் கடப்பதற்கு நம்பிக்கையானவர்களுக்கென்று ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டை போனால் அத்தானின் வேலை போகும். வேலை போனால், மிச்சக் கால்வாசியையும் வங்கி அன்போடு பொறுப்பேற்கும்.

போன கோடையில் நாங்கள் மூவரும் அத்தானின் காரில் வட கரோலைனாவுக்குப் போனோம். அங்கே என் பெறாமகள், அக்காவின் ஒரே பிள்ளை, புருஷனோடு இருக்கிறாள். தாய் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, பெற்றோல் அடிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பை இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். சிப்ஸ் பைகளுக்கும் கார் வாசனை அட்டைகளுக்கும் இடையில் அது தொங்கியது.

"ஹெம்ப்பில செய்தது அம்மா. இந்த மாநிலத்தில இட்ஸ் லீகல்."

ஹெம்ப் என்றால் வேறொன்றுமில்லை, அதே கஞ்சாச் செடிதான். போதைச் சத்து ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் ஹெம்ப், மேலே போனால் கஞ்சா. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு மச்சான்மாரில் குடிக்காதவரைக் கல்யாண வீட்டில் முன்வரிசையில் இருத்துவது போல, அந்த மாநிலச் சட்டமும் ஹெம்ப்பை முன்வரிசையில் இருத்தியிருந்தது. அதிலிருந்து எடுத்ததை இனிப்பில் போட்டு எவ்வளவு கிறங்க வைத்தாலும் அது நல்ல பிள்ளை.

அன்றிரவு அக்கா நித்திரை கொண்டாள். அவளுக்கு இவ்வளவு குறட்டை வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விடிய எழும்பி, கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கி வந்து, எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். திரும்பும்போது இன்னும் நாலு பை வாங்கிக்கொண்டாள்.

வழி நெடுக, அந்த இனிப்புக்கு எந்த மாநிலத்தில் என்ன சட்டம் என்று பின்சீற்றிலிருந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் அது தின்பண்டம். இன்னோரிடத்தில் இருபத்தொரு வயதானவருக்கு மட்டும். வேறோரிடத்தில் கடைக்காரர் உரிமம் எடுக்க வேண்டும். வெளியே மலைகள் ஒரே நீலத்தில் கிடந்தன. ஒரு மழை மாநிலம் மாநிலமாக எங்களைத் தொடர்ந்து வந்தது. அதை ஒருவரும் மறித்துக் கேட்கவில்லை. கடைசியாக, கனடாச் சட்டத்தைத் தேடினேன். அதற்குள் கார் பாலத்து வரிசையில் நின்றது.

அத்தான் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இஞ்சேரும், பெட்டிக்குள்ள என்ன கிடக்கு? உள்ளதைச் சொல்லும்."

அக்காவின் குரல் இறங்கியது. "கொஞ்சம் கறிவேப்பிலை. சீலைக்குள்ள சுத்தி வைச்சனான்."

"கொஞ்சமெண்டா?"

"கொஞ்சம்தான் எண்டுறன்."

பெறாமகளின் வளவில் இருந்த மரம் இப்போது மொட்டையாக நிற்பது எனக்குத் தெரியும். அக்கா இலையை ஒளித்துவிட்டு, இனிப்புப் பைகளை எல்லோருக்கும் தெரிய மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உதையும் சொல்ல வேணும்."

"எதை?"

"உந்த இனிப்பை. கனடாவில ஹெம்ப்பில எடுத்ததும் கஞ்சாக் கணக்குத்தானாம். எல்லையால கொண்டு வரேலாது."

"விசர்க் கதை கதைக்காதை. உன்ர வீட்டுக்கு முன்னாலயே கடை கிடக்கு."

"கடையில வாங்கலாம். பாலத்தால கொண்டு வரேலாது."

"அங்கயும் விடுறாங்கள், இங்கயும் விடுறாங்கள். நடுவில உந்தப் பாலத்துக்கு மட்டும் என்ன வருத்தம்?"

இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இருக்காது. அத்தான் திரும்பிப் பார்த்தார். "கஞ்சாவோ? என்ர காருக்குள்ளயோ? என்ர அட்டையைப் பறிக்கப் போறாங்களப்பா!"

ஜன்னலால் எறியலாமா என்று பார்த்தோம். தூணுக்குத் தூண் கமெரா. அத்தான் ஒன்றையும் வாயில் வைக்க முடியாது, லொறிக்காரருக்கு எந்த நேரத்திலும் சிறுநீர்ப் பரிசோதனை வரும். "நான் திண்டு முடிக்கட்டே?" என்று கேட்டேன்.

"நாலு பையையுமோ? பிறகு நீ கவிதை சொல்லத் தொடங்குவாய். அதைவிட மறியலில கிடக்கிறது நல்லம்," என்றார் அத்தான். முன்னால் இருந்த கார் நகர்ந்தது. "ஒண்டுமில்லை எண்டு சொல்லுவம்."

ஒண்டுமில்லை. எங்கள் சனத்தின் பாதுகாப்புப் படை இந்த ஒற்றைச் சொல்தான். ஊரில் சோதனைச் சாவடியில் பழகியது. இங்கே வந்த பிறகு வைத்தியர் கேட்டாலும் ஒண்டுமில்லை, வரிக்காரர் கேட்டாலும் ஒண்டுமில்லை. நெஞ்சுவலியோடு அம்புலன்ஸில் கிடந்தாலும் ஒண்டுமில்லை. அந்தச் சொல்லால் உயிர் தப்பிய மனிதரிடம் போய் உண்மை பேசச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூண்டுக்குள் ஓர் இளம் பெண் அதிகாரி. மது, புகையிலை, கஞ்சா ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா அவருடைய நெஞ்சுக்கு மேலாகக் குறுக்கே சாய்ந்து, நாலு பையையும் தூக்கிக் காட்டினாள்.

"யெஸ்! ஐ ஹாவ்! மைன்! ஹிஸ் நோ! ஹி டிரைவிங் ஒன்லி!"

பிறகு நிறுத்த முடியவில்லை. முழங்கால், நித்திரை, மகள், பெற்றோல் கடை, கடைசியில் கறிவேப்பிலை. கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்தது. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். உள்ளே ஒரு நீள வாங்கில் எங்களை இருத்தினார்கள். காரைக் கிளறினார்கள். ஒருவர் கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையோடு திருப்பித் தந்தார். இனிப்புப் பை நாலும் பறிமுதலாகி உள்ளே போயின. நீங்களாகவே சொன்னபடியால் இத்தோடு விடுகிறோம், சொல்லாமல் வந்திருந்தால் கதை வேறு என்றார்கள். அத்தானின் பெயரைக் கேட்டு கணினியில் நெடுநேரம் ஏதோ தட்டினார்கள். என்ன தட்டினார்கள் என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை.

கார் சென்ட் கத்தரின்ஸ் நகரைத் தாண்டியது.

"உமக்கு இவ்வளவு இங்கிலிஷ் வருமெண்டு எனக்குத் தெரியாது," என்றார் அத்தான்.

"உங்களுக்கு எப்ப என்ன தெரிஞ்சது?" என்றாள் அக்கா.

சனிக்கிழமை அவளை என் வீட்டுக்கு முன்னாலிருந்த கஞ்சாக் கடைக்குக் கூட்டிப்போனேன். அறுபத்திரண்டு வயதுக்காரியிடம் பத்தொன்பது ஆகிவிட்டதா என்று அடையாள அட்டை கேட்டார்கள். அக்காவுக்குப் பெருமை. ஒரு பொட்டலத்தில் பத்து மில்லிகிராமுக்கு மேல் போதைச் சத்து வைக்க இங்கே சட்டம் விடாது. பிள்ளைகள் திறக்க முடியாத மூடி. அறுபது தாண்டிய விரல்களாலும் திறக்க முடியாது. வாங்கிய பொட்டலத்தை மூன்று தரம் திருகிப் பார்த்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அத்தான் ஏற்கனவே சொல்லியிருந்தார்: மாகாணம் விட்டாலும் ஸ்ரௌவ்வில் வீடு விடாது, அட்டை என்னவாயிற்று என்று தெரியும்வரை ஒரு மணமும் வரக் கூடாது.

திங்கட்கிழமை லொறியோடு போனார். நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு இருந்தேன். அவள் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக, அந்த முழங்காலோடு, நடந்துகொண்டேயிருந்தாள். மத்தியானம் தொலைபேசி அடித்தது. எனக்கும் கேட்கச் சத்தமாகப் போட்டாள்.

"விட்டிட்டாங்கள்," என்றார் அத்தான். "அட்டையைப் பார்த்தாங்கள், போ எண்டாங்கள். இப்ப பென்சில்வேனியாவில பெற்றோல் அடிக்கிறன். இஞ்சேரும், இங்கயும் உம்மட இனிப்புத் தொங்குது. வாங்கிக்கொண்டு வரட்டே?"

அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வாயை மூடிக்கொண்டு லொறியை ஓட்டுங்கோ," என்றாள்.