பாதிப் புத்தகத்தில் பெட்டி மாற்றலாமா?

என் பெரியம்மா குழந்தைகளின் பாடநூல்களுக்குக் கணினியில் பக்கம் அமைத்துத் தருபவர். தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் என்பதால், விசைகளைப் பார்க்காமலேயே அடிப்பார். கூடத்தில் சன்னலுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே உள்ள இடம்தான் அவருடைய அலுவலகம். கணினி என்பது திரையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், சாப்பாட்டு டப்பா அளவுள்ள கறுப்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு படத்தை வைத்தால், அது வந்து நிற்பதற்குள் அவர் துணி மடித்து முடித்துவிடுவார்.

முதல் வகுப்பு வாசிப்பு நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் மற்ற வகுப்பு நூல்கள் வேறு கைக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் நயமாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்துப் பெட்டி முரண்டு பிடித்தது.

“இதோட இன்னும் எத்தனை நாள் மல்லுக்கட்டுவ? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு,” என்றார் பெரியப்பா.

“உங்களோடயும்தான் மல்லுக்கட்டுறேன். தூக்கியா போட்டேன்?”

கணினி பழுது பார்க்கும் பெண்ணுக்குத் தெருவில் ‘திருப்புளி’ என்று பெயர். அவர் புதிய சிறு கணினி ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்து மாட்டினார். அது கண்மூடித் திறப்பதற்குள் தயாரானது. பெரியம்மா கையெழுத்துப் படியில் கண் வைத்து ‘மாமா’ என்று அடித்தார். திரையில் ‘மகமக’ என்று வந்தது.

“மாமாவுக்கு என்ன ஆச்சு?” என்றார் பெரியப்பா.

“உங்க புதுசுக்கு வாய் குழறுது.”

“விசை அமைப்பு வேறக்கா. தட்டச்சு முறைக்கு மாத்தினா சரியாயிடும்,” என்று திருப்புளி மாற்றினார். மாமா தெளிந்தார். ஆனால் பாதி முடிந்த நூலைத் திறந்தபோது, மென்பொருளின் புதிய பதிப்பில் வரிகளெல்லாம் இடம் பெயர்ந்திருந்தன. ‘எலி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யானை நின்றது.

“இதைச் சரிபண்ண அடுத்த வெள்ளியும் பத்தாது,” என்றார் பெரியம்மா. “பழசைத் திறந்து பாரும்மா.”

திருப்புளி மூடியைக் கழற்றினார். “ரேம் போடுற இடம் ஒண்ணு காலியாவே கிடக்கே. அதை நிரப்பி, ஹார்ட் டிஸ்கில இருக்கறதை அப்படியே அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.க்கு மாத்திடலாம். புத்தகம் இருந்தபடியே இருக்கும். ஆனா சிப் பழசுக்கா. கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் புதுசுதான்.”

“அது போதும். பாதிப் புத்தகத்துல பெட்டி மாத்த மாட்டேன்.”

பெரியப்பாவின் முகம் தொங்கிப்போனது. “அப்ப பழசு எனக்கு வராதா? சதுரங்கம் ஆடலாம்னு நெனச்சேன்.”

“அதானே பாத்தேன், என் வேலை மேல என்னடா இவ்வளவு அக்கறைன்னு.”

வெள்ளி மதியம் நூல் அச்சகம் போய்ச் சேர்ந்தது. மாலையில் இரண்டாம் வகுப்பின் கையெழுத்துப் படி வந்தது. பெரியம்மா உறையைப் பிரிக்காமல் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

“வாங்க, உக்காருங்க. சாப்பாடு வரைக்கும் உங்களுது. தோத்துட்டுப் பெட்டி மேல பழி போடக் கூடாது.”