மூன்றில் ஒரு பங்கு

மாநிலங்களுக்குப் புதிதாக எல்லை போட்டதற்கு அடுத்த கோடையில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊருக்கு ஒரு கடற்படை அமைந்தது. அந்தப் படை நான்தான். எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால் குளத்தை வைத்துச் சமாளித்தோம்.

யோசனை சித்தப்பாவுடையது. டீக்கடைச் செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசிப்பவர். ஏதோ ஒரு தேசத்தின் கரையோரக் கடலில் வேறு தேசத்துக் கப்பல்கள் மீன் பிடிக்க வருகின்றன, அதற்கு ஒப்பந்தம் உண்டு, பிடிப்பதில் பங்கும் உண்டு என்று படித்துவிட்டார். ஓடைக்கு அப்புறம் இருந்த ஊர் இப்போது மதராஸ், நாங்கள் கேரளம். குளமோ எங்கள் பக்கம். கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் இரண்டு ஊரும் ஒன்றாக இறங்கி மீன் பிடிப்பது வழக்கம்.

"இனி அவிங்க அந்நியருங்க. மூணு புடிச்சா ஒண்ணு நம்மளுக்கு," என்றார் சித்தப்பா. ஊரும் சரி என்றது. சும்மா வருகிற மீனை எந்த ஊர் வேண்டாம் என்றிருக்கிறது?

அந்நியரில் எங்கள் அத்தையும் ஒருத்தி. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. ஓடைக்கு அப்புறம் வாழ்க்கைப்பட்டவள். ஆண்டுதோறும் ஊத்தாவோடு வருவாள். அது அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து அமுக்கி, மேல்வாயில் கைவிட்டு எடுக்க வேண்டும். பிடித்ததில் பெரிய விராலைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே குழம்பு வைத்து, அன்று தங்கி, மறுநாள்தான் போவாள்.

அந்த வருஷம் சித்தப்பா கரையிலேயே மறித்து ஒப்பந்தத்தைச் சொன்னார்.

"ஏன்டா தம்பி, நானும் அந்நியமா?"

"சட்டம் அப்படித்தானுங்க அக்கா. பேப்பர்லயே போட்டிருக்குது."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா குளத்தைப் பார்த்தார்.

நான் போர்க்கப்பலில் ஏறினேன். வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டிய கப்பல். அந்நியர் மீனை ஒளிக்கிறார்களா என்று கண்காணிப்பது என் உத்தியோகம். அத்தையின் இடுப்பில் கட்டியிருந்த ஓலைப்பெட்டியை எட்டிப் பார்த்தேன், கப்பல் புரண்டது. கடற்படைக்கு நீச்சல் தெரியுமா என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. சேற்றில் உதைத்துக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று என் தலைமேல் கவிழ்ந்தது. மேலிருந்து ஒரு கை வந்து முடியைப் பிடித்துத் தூக்கியது.

அத்தை என்னைக் கரையேற்றிச் சித்தப்பா முன்னால் நிறுத்தினாள். பெட்டியிலிருந்து ஒரு பெரிய விராலையும் ஒரு கெண்டையையும் எடுத்துக் காட்டினாள்.

"என்ற ஊத்தாவுல அகப்பட்டது மொத்தம் மூணு. இந்தாடா, உன்ற பங்கு," என்று என்னை அவர் பக்கம் தள்ளினாள்.

குளமே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார், ஒப்பந்தப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். அத்தை மட்டும் சிரிக்காமல், மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஓடையைத் தாண்டிப் போனாள்.

அன்று சாப்பாட்டுக்கு ரசம். மீன்குழம்புக்கென்று காலையிலேயே அம்மா அரைத்து வைத்த மசாலா அம்மியோரம் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கப்பா, விராலைவிட நான் ஒசத்திதானுங்களே?" என்று கேட்டேன்.

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். என் விலையைத்தான் யோசிக்கிறார் போலும் என்று நினைத்து, நான் இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.